மருமகள் புலம்பல்

ஒருவர் பட்ட துயரத்தை எடுத்து இன்னொருவர் பெயரின் கீழ் அச்சிடும் உரிமையை எனக்கு யார் தந்தார்கள்?

இக்கேள்வியை நான் தேடிப் போகவில்லை. அமிர்தகழியில் ஒரு வீட்டு முற்றத்துப் பந்தலின் கீழ், பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அமர்ந்திருந்தபோது அது என்மேல் வந்து விழுந்தது.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்து சில வாரங்கள் இருக்கும். அன்று கணபதிப்பிள்ளை ஐயா இறந்த முப்பத்தோராம் நாள். ஐயா என் அயலவர். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் தன் இளமை முழுவதும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல முதுமையில், படுக்கையில், தண்ணீர் கேட்டுக் குடித்த சற்று நேரத்தில் போய்விட்டார்.

கிரியை முடிந்து குருக்கள் புறப்பட்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன் கல்வெட்டுப் படிக்க வேண்டும். பாடுவதற்கென்று வந்திருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்தார். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தபோதெல்லாம் அது உர்ரென்று இரைந்தது. பந்தற் கம்பில் கட்டியிருந்த கைத்தொலைபேசி வழியாக, சுவிற்சர்லாந்திலிருந்து இளைய மகன் குகனும் அவனுடைய மனைவி நிரோஜாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மருமகள் புலம்பல். நிரோஜா, சுவிஸ்" என்று வாசித்துவிட்டு அவர் பாடத் தொடங்கினார்.

ஆலைச்சங் கூதவில்லை, ஆறிப் படுங்கள் என்று
காலையிலே நான்சொன்னால் கண்மூடிக் கொள்வீரே!
மூத்தமகன் வருகின்றார், முடக்கில்தான் என்று சொல்லிப்
பார்த்திருந்த உம்முகத்தைப் பசியாற வைத்தேனே!

பந்தலில் மூக்குறிஞ்சும் சத்தங்கள் எழுந்தன. "வெளிநாட்டில இருந்தும் மாமனாரக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்திரிக்கு அந்தப் புள்ள" என்று எனக்குப் பின்னால் வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டின் பின்வாசலில், சோற்றகப்பையைக் கையில் பிடித்தபடி வசந்தி நின்றாள்.

பாட்டில் வரும் ஒவ்வொரு செயலையும் செய்தவள் அவள். ஒவ்வொரு சொல்லையும் அந்தக் கிழவரிடம் சொன்னவளும் அவளே. அவற்றை நிரோஜாவின் பெயரில் எழுதியவள் நான்.

ஒரே ஒரு தரம் அச்சேறும் வாழ்வு

கல்வெட்டு என்றதும் தமிழகத்து நண்பர்கள் கோயிற் சுவரை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்களில் அது முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் ஒரு சிறுநூல். முகப்பில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கைச் சரிதம். பிறகு புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என ஒவ்வோர் உறவுக்கும் வேறு வேறாகச் சில பாடல்கள். அந்தந்த உறவினர் தாமே அழுது சொல்வதுபோல அவை எழுதப்பட்டிருக்கும். அவர்களில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதன் பின் வம்சாவழி. கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்.

நான் நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுந்தெருவில், அவற்றை முழுதாக வாசித்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருத்தி என் தங்கை. ஆனால் நான் எழுதிய கல்வெட்டுகள் இந்த ஒழுங்கையின் அநேகமான வீடுகளில் இருக்கின்றன. சாமிப்படத்துக்குப் பின்னால், பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பைக்குள், தையல் இயந்திரத்தின் இழுப்பறையில். மீன் பிடித்து வாழ்ந்தவருக்கும் புடவைக் கடையில் நின்றே காலம் கழித்தவருக்கும் வாழ்வு அச்சேறுவது அந்த ஒரு தரம்தான்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துப் பட்டம் பெற்று வந்த புதிதில் யாரோ கேட்டதற்காக ஒன்றை எழுதினேன். அன்று தொடங்கியது. பாடசாலையில் பாடம் நடத்திவிட்டு வந்து, பின்னேரங்களில் பிறருடைய தந்தையருக்கும் தாய்மாருக்கும் சரிதம் எழுதுவேன். சமூகத்துக்குச் செய்யும் ஒரு சிறு பணி என்றே அதை நினைத்திருந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அச்சகத்துக்காரர் என்னைக் கண்டால் சிரிப்பார்.

"ஏன் டீச்சர் இப்பிடிக் கிடந்து பாடுபடுறீங்க? கம்பியூட்டர்ல பதினாறு விதமான புலம்பல் கிடக்கு. பேர மாத்தினா முடிஞ்சுது."

"ஆம்பிள செத்ததுக்கும் பொம்பிள செத்ததுக்கும் ஒரே புலம்பலா?"

"சேச்சே, அது வேற வேற வச்சிரிக்கன். ஒரேயொருக்கா மாறிப்போச்சு. ஒரு பெரியவருக்கு, 'தாலாட்டி வளர்த்த தாயே' எண்டு போயிற்று."

"மறுகா?"

"மறுகா என்ன? ஆரும் கவனிக்கல்ல. நல்லாத்தான் அழுதாங்க."

என் முறை வந்தபோது

அந்தப் பதினாறு புலம்பல்களையும் நான் ஏளனமாகவே நினைத்து வந்தேன். பிறகு ஒரு மாரிகாலத்தில் என் கணவர் போனார்.

இருபதாம் நாளும் வந்துவிட்டது. என் மேசையில் வெறுந்தாள்தான் கிடந்தது. மனைவி புலம்பல் என்று தலைப்பிட்டேன். அதற்குக் கீழே ஒரு சொல்லும் இறங்கவில்லை. அவர் குளிக்கும் சவர்க்காரம் கரைந்து ஓடு மாதிரி ஆன பிறகும் அதைப் புதிய கட்டியின் மேல் ஒட்டிவைத்துப் பாவிப்பார். குளியலறையில் அப்படி ஒன்று ஒட்டியபடியே இருந்தது. அதைப் பார்ப்பதும் வந்து உட்காருவதுமாக நாட்கள் கழிந்தன. பிறருடைய கண்ணீரைப் பக்கக் கணக்கில் எழுதிய கைக்குச் சொந்தக் கண்ணீர் எழுத வரவில்லை.

அச்சகத்துக்காரரே பதினாறில் ஒன்றைப் போட்டுவிட்டார். முப்பத்தோராம் நாளில் அது பாடப்பட்டபோது, தளை தட்டுகிறது, எதுகை தவறுகிறது என்று என் மூளை ஒருபுறம் குறித்துக்கொண்டிருக்க, நான் பொங்கிப் பொங்கி அழுதேன். அத்தனை மட்டமான பாட்டு எப்படி என்னை உடைத்தது என்று நெடுநாள் எனக்கு விளங்கவில்லை.

இப்போது ஓரளவு விளங்குகிறது. அந்தப் பாட்டு யாருக்கென்றும் எழுதப்படவில்லை. ஆகவே எந்தத் துயரத்தையும் அதற்குள் வைக்கலாம். முக்கியமாக, அது யாரிடமிருந்தும் எடுக்கப்பட்டதல்ல.

தொலைவில் இருப்பவர்கள்

மரணம் இந்தப் பதினைந்து இருபது வருடங்களில் வேறொரு வடிவம் எடுத்துவிட்டது. 'ஆ' என்று தொட்டவுடன் தொலைபேசி தானாகவே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எடுத்துத் தருகிறது. என் கணவரின் இறுதிக் கிரியையை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "கமெராவக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கோ" என்று எழுதினார். அன்று அது எனக்குக் கோபத்தைத் தந்தது.

ஆனால் அந்த மனிதருக்கு வேறு என்ன வழி இருந்தது? ஊரில் இருந்திருந்தால் பாடையின் ஒரு முனையைப் பிடித்திருப்பார். நாம் கையால் செய்வதை அவர்கள் சொல்லால் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் தூரத்திலிருந்து இத்தனை அறிவுறுத்தல்கள் வருகின்றன: பந்தலுக்கு எத்தனை தகரம், படத்துக்கு எந்தச் சட்டம், கல்வெட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று.

குகனை நான் குற்றவாளியாக்கி எழுத விரும்பாததற்கு இதுவே காரணம்.

வசந்தி

ஐயாவின் மூத்த மகனைக் கட்டியவள் வசந்தி. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் அவன் கடற்கரைப் பக்கம் போயிருந்தான். மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அப்போது அவர்களுடைய மகள் தொட்டிலில் கிடந்தாள். இன்று அவள் வந்தாறுமூலையில் படிக்கிறாள்.

ஏழெட்டு வருடங்கள் கழித்து வசந்தி சூசையை மணந்தாள். சூசை மேசன் வேலை செய்பவர், கத்தோலிக்கர். இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய வீடு. அன்று ஐயா வீட்டில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. யாரும் போய் வாழ்த்தவுமில்லை.

பிறகு ஐயா கிணற்றடியில் விழுந்தார். இடுப்பெலும்பில் வெடிப்பு. வீட்டில் அவரோடு இருந்தவள் மகள் சாந்தி மட்டும். செங்கலடியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். காலையில் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் திரும்புவாள். "ஒரு கிழமைக்கு மட்டும் வந்து பாத்துக்கொள்ளுங்க மச்சாள்" என்று சாந்தி கேட்டாள். வசந்தி வந்தாள். அந்த ஒரு கிழமை மூன்று வருடத்துக்கு மேல் நீண்டது.

ஐயா இறந்த இரண்டாம் கிழமையில் குகன் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினான்.

"டீச்சர், கல்வெட்டு நீங்கதான் எழுதணும். வசந்தி அண்ணி செய்தத நான் மறக்கல்ல. ஆனா அவ இப்ப வேற ஒருத்தர்ட மனிசி. வம்சாவழியில அண்ணாட பேருக்குப் பக்கத்தில அவட பேரப் போட்டா, சூசை ஆரு எண்டு சனம் கேக்கும். நாளைக்கு அண்ணாட மகளுக்குச் சம்பந்தம் பேசக்குள்ள இந்தப் புத்தகத்தத்தானே எடுத்துப் பாப்பாங்க? நன்றி நவிலல்ல போடுங்க. வடிவாப் போடுங்க. மருமகள் எண்டு நிரோஜாட பேரில ஒரு நல்ல புலம்பல் எழுதுங்க. வரக் கிடைக்கல்ல எண்டு அவ அழுதுகொண்டிரிக்கா."

விளைவுகளை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அதை என் நற்குணமாகவே கருதி வந்திருக்கிறேன். அன்றும் எண்ணிப் பார்த்தேன். பெயரைப் போட்டால் முப்பத்தோராம் நாள் வீட்டில் வாக்குவாதம் வரும். சாந்தி நடுவில் அகப்படுவாள். பெண்பிள்ளையின் எதிர்காலம் என்று குகன் சொல்வது பொய்யான அச்சமல்ல. சம்பந்தம் பேச வருபவர்கள் கல்வெட்டைப் புரட்டுவதை நானே கண்டிருக்கிறேன். பெயரைப் போடாவிட்டால் ஒருத்திக்கு மட்டும் மனவருத்தம். அவள் பொறுமைசாலி.

'சரி' என்று பதில் அனுப்பினேன்.

பூசணிக்காய் அரிந்தபடி

மறுநாள் பின்னேரம் வசந்தி வீட்டுக்குப் போனேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"சூசைக்கு மீன் இல்லாமச் சோறு இறங்குமா?" என்றேன்.

"அவருக்கு வேற சட்டியில காச்சுறன் டீச்சர். நான் இன்னும் மீன் தொடல்ல. முப்பத்தொண்டு முடியட்டும்."

மறுமணம் செய்து போனவளுக்குத் துடக்குத் தீட்டு இல்லை. யாரும் அவளை மரக்கறி காக்கச் சொல்லவுமில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததைக் கொப்பியிலும் குறித்துக்கொண்டேன்.

"ஐயாட கடைசிக் காலத்தப் பத்தி உன்னட்டக் கேட்டாத்தான் வசந்தி தெரியும். கல்வெட்டு எழுதணும்."

"என்னத்தச் சொல்ல? கேளுங்க, சொல்றன்." சற்று யோசித்தாள். "விடிஞ்சா மில்லுக்குப் போகணும் எண்டு நிப்பார். சேட்ட எடுத்துப் போட்டுவிடு புள்ள, பஸ் வந்திரும் எண்டு ஒரே ஆக்கினை. நானும் முதல்ல சண்ட பிடிச்சன். மில் எங்க மாமா, நீங்க பென்சன் எடுத்து எத்தின வருசம் எண்டு. சின்னப் புள்ள மாதிரி அழுதிட்டார். மறுகா ஒரு நாள் சும்மா சொன்னன், இண்டைக்குச் சங்கு ஊதல்ல மாமா, லீவு போல எண்டு. 'அப்பிடியா, சரி' எண்டு போட்டுப் படுத்திட்டார். அதுக்குப் பிறகு மூண்டு வருசமும் லீவுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"மருந்துச் சுருளக் குடுத்தாலும் ரெண்டு விரலால தடவிப் பாப்பார். 'இது நம்மட கடதாசி இல்ல' எண்டுவார். கண்ணுக்கு மருந்து விடக்குள்ள என்ட தோளப் பிடிச்சுக்கொள்ளுவார். அப்பிடி ஒரு பிடி. இஞ்ச பாருங்க, தழும்பு."

பிறகு அவளுடைய கத்தி மெதுவானது.

"பின்னேரமானா மூத்தவரக் கேப்பார். மூத்தவன் வந்திட்டானா புள்ள எண்டு. இல்ல மாமா, அவர் செத்துப்போனார் எண்டு நான் எத்தின தரம் சொல்ற? ஒவ்வொரு தரமும் புதுசாக் கேட்ட மாதிரி நெஞ்சில அடிச்சுக்கொண்டு அழுவார். அதால, 'முடக்கடியில வாறார் மாமா, நீங்க சாப்பிடுங்க' எண்டு சொல்லுவன். சாப்பிட்டிருவார்." கேற்றுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "அந்த நேரம் இவர் என்னக் கூட்டிப்போக வந்து கேற்றடியில மோட்டச்சைக்கிளோட நிப்பார். எல்லாம் கேக்கும். செத்த மனிசன வாறார் எண்டு, இப்ப இரிக்கிற மனிசனுக்கு முன்னால நான் சொல்றது. இவர் ஒரு நாளும் ஒரு சொல்லுக் கேட்டதில்ல டீச்சர். இத நான் ஆருக்கும் சொன்னதுமில்ல."

பூசணி விதைகளைத் தனியே வழித்தெடுத்தாள். கண்களைத் துடைக்கவில்லை.

"என்ட பேரும் வருமா டீச்சர்?"

"எங்க?"

"மருமகள் எண்டு போடுற இடத்தில. பெருமைக்குக் கேக்கல்ல. மாமா என்ன மருமகள் எண்டுதான் சொன்னவர். சூசையக் கட்டின பிறகும் அப்பிடித்தான். ஒரு வரி, ஓரத்திலயெண்டாலும் சரி, அது காணும்."

"பாப்பம்" என்றேன்.

பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. எல்லாம் முதல்நாளே முடிவாகியிருந்தது. என் வாழ்வில் நான் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அந்தச் சொல்தான். அதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்ததும் வரிகள் தாமாக வந்தன. சங்கு வந்தது, தெருத் திருப்பத்து முடக்கு வந்தது, மூத்தமகன் வந்தான். எதுகை தேட வேண்டியிருக்கவில்லை. புலம்பல் என்பது மரபு, அதை யாரும் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உயிருள்ள விவரங்கள் வீணாகக் கூடாது. பெயர் எதுவானாலும் அவை அச்சில் நிலைத்தால் வசந்திக்கும் அது ஒருவகை மரியாதைதானே என்றும் வாதிட்டேன். உண்மையில், எழுதியது நன்றாக வந்திருந்தது. அந்த நிறைவுதான் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பந்தியில்

பாடி முடிந்ததும் பந்தி விரித்தார்கள். என் பக்கத்தில் தங்கம்மா மாமி அமர்ந்தார். ஐயாவின் வீட்டுக்கு எதிர்வீடு. மூன்று வருடமும் வசந்தி வந்து போனதைத் தன் வாசலிலிருந்து கண்டவர்.

"சுவிசில இருந்து அமிர்தகழிக்குக் கை எட்டியிரிக்கு பாருங்ககா!" என்றார், யாருக்கென்றில்லாமல். "நமக்கெண்டா அடுத்த வீட்டுக்கும் எட்டுதில்ல."

நாலைந்து பெண்கள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார்கள். அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்த சாந்தி தலையைக் குனிந்தபடி அடுத்த வரிசைக்குப் போனாள். தங்கம்மா மாமி கல்வெட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து என் பக்கம் தள்ளினார். பந்தல் அமைத்தவருக்கும் வாகனம் தந்துதவியவருக்கும் நடுவில், 'சமையலுக்கு உதவிய திருமதி வ. சூசை' என்று இருந்தது.

"சமைச்சவதானே. அதுவும் பொய்யில்ல" என்றார்.

வசந்தி சோற்றுத் தாச்சியோடு வரிசையில் வந்தாள். என் இலைக்கு முன் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடவா டீச்சர்?"

"காணும் வசந்தி" என்று இலையின் மேல் கையை நீட்டினேன்.

அவள் நகரவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மூத்தவரக் கேட்ட கதைய நான் உங்களுக்குத்தான் சொன்னன்."

"வசந்தி, நான்..."

"சாப்பிடுங்க. ஆறுது."

அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் தேடியிருப்பேன்.

இரண்டு பேர்

அடுத்த கிழமை நிரோஜாவின் அழைப்பு வந்தது. அவளோடு நான் அதற்கு முன் கதைத்ததேயில்லை.

"டீச்சர், ஆக்களெல்லாம் எனக்கு மெசேஜ் போடுறாங்க. மாமாவ இப்பிடிப் பாத்திருக்கிறீங்களே, நீங்கதான் மருமகள் எண்டு. எனக்கு வெக்கமாக் கிடக்கு. நான் அவரக் கண்டது ரெண்டு தரம். ரெண்டாந்தரம் வந்து நிக்கக்குள்ள என்ன ஆரெண்டே அவருக்குத் தெரியல்ல."

"மரபுப்படி எழுதினது நிரோஜா..."

"எனக்கெண்டும் ஒரு அழுகை இருந்தது டீச்சர். என்னத் தெரியாமலே போயிட்டாரே எண்டு. நீங்க ஒரு கோல் எடுத்திருந்தா அதச் சொல்லியிருப்பன்."

நான் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்ததாக அதுவரை எண்ணியிருந்தேன். வாங்கியவளுக்கும் அது இழப்பாக இருந்தது. அவளுடைய துயரத்தின் இடத்தில் நான் வேறொருத்தியின் துயரத்தை நிரப்பி, அவளுடையதை வெளியே தள்ளிவிட்டிருந்தேன். இரண்டு பேரையும் கேட்டிருந்தால் இரண்டு புலம்பல்கள் கிடைத்திருக்கும். இரண்டும் உண்மையானவையாக இருந்திருக்கும்.

நிரோஜாவே குகனிடம் பேசினாள். இரண்டு நாளில் அவனிடமிருந்து செய்தி வந்தது: 'டீச்சர், அந்தத் தாளத் திருப்பி அடிச்சு ஒட்டிக் குடுப்பம். அண்ணிட பேரையும் வம்சாவழியில போடுங்க.'

அன்று பின்னேரமே, ஏதோ விடுதலை கிடைத்தவளைப்போல, வசந்தி வீட்டுக்கு நடந்தேன். சூசை வாசலில் உட்கார்ந்து சாந்தகப்பையில் காய்ந்திருந்த சீமெந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். குகன் இணங்கியதைச் சொன்னேன். புதிய தாள் அச்சிடுவோம் என்றேன். அவளிடமே எழுத்தைக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்றும் சொன்னேன்.

"வேணாம் டீச்சர்" என்றாள் வசந்தி.

"குகனும் சரி எண்டிட்டான் வசந்தி."

"குகன் தம்பி நல்லவர்தான். ஆனா மனிசன் ஒருக்காத்தானே செத்தவர்? இன்னொரு முப்பத்தொண்டு வருமா? அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லாதத, இனித் தாளில ஒட்டி வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறதா? வசந்தி கேட்டு வாங்கிப் போட்டாள் எண்டுதான் கதைப்பாங்க. எனக்கு அது வேணாம்."

அவள் சொன்னதில் பிழை எதுவுமில்லை. விளைவுகளை என்னைவிடத் தெளிவாக அவள் எண்ணிப் பார்த்திருந்தாள்.

சூசை சுரண்டுவதை நிறுத்தினார். "குறையா நினையாதீங்க டீச்சர். மூண்டு வருசம் கேற்றடியில நிண்டு நான் கேட்ட சொல்லு அது. மைக்கில கேக்க ஒரு மாதிரி இருந்திச்சு. அவ்வளவுதான்."

எழுந்தேன். மன்னிப்புக் கேட்டேன். எழுத்தாளர்கள் வழக்கமாகச் சேர்க்கும் விளக்கம் எதையும் சேர்க்காமல் கேட்டேன் என்பது மட்டும் எனக்குச் சிறு ஆறுதல்.

"அதுக்கென்ன டீச்சர்" என்றாள் வசந்தி. "இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்."

தேநீரில் இஞ்சி அதிகமாக இருந்தது. மூவரும் மழை வருமா என்பதைப் பற்றிக் கதைத்தோம்.

அதன் பிறகு

பிறர் குரலில் நான் இப்போது புலம்பல் எழுதுவதில்லை. கேட்டு வருபவர்களிடம், அவரவர் சொல்வதை அவரவர் பேச்சிலேயே இரண்டு வரியாகத் தாருங்கள், எழுத்துப்பிழை மட்டும் திருத்தித் தருகிறேன் என்கிறேன். வம்சாவழி எழுதுமுன், கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவர் யார் என்று விசாரிக்கிறேன். அவரிடம் காட்டிய பிறகே அச்சிடக் கேட்டவருக்கு அனுப்புகிறேன். சில வீட்டார் இதற்கு இணங்காமல் அச்சகத்துப் பதினாறில் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. பாதி முடிந்திருந்த ஐந்தாவது நாவலில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு முதியவரின் அத்தியாயம் இருந்தது. அதை நீக்கிவிட்டேன்.

வசந்தி என்னைக் கண்டால் பழையபடி நின்று கதைக்கிறாள். மகளின் பரீட்சை, சூசையின் முதுகு நோவு, சந்தையில் மீன் வராத கதை, எல்லாம் சொல்கிறாள். மாமாவைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.